ஹொட்டேலில் நின்ற அக்கா

12 மார்ச் 2007, திங்கள்

வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, சுவிஸிலிருந்து தம்பி இந்திரகுமாரின் அழைப்பு. மகள் ஆரணி பெரியபிள்ளையாகிவிட்டாளாம். ஜூலை பதினாலில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்யப்போகிறானாம். "தண்ணி வார்க்க மாமி வேணும் அக்கா. நீங்கள் வராட்டி நான் செய்யேல்லை" என்றான்.

அவனுக்கு அக்கா என்று நான் ஒருத்திதான். ஆரணிக்கு மாமி என்றும் நான் ஒருத்திதான். கடைசியாக அவனைக் கண்டது 93இல், திருச்சியில், அவனுடைய கலியாணத்தில். பதினாலு வருஷம். உடனேயே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது கணவர் மகேந்திரராஜாவிடம் சொன்னேன். அவருக்கு அந்த மாதம் லீவு எடுக்க முடியாது. "தனியாவோ? பிளாக்டவுனிலை சீலை எடுக்கப் போறதுக்கே நான் கார் ஓடவேணும். சூரிச்சுக்கு எப்பிடிப் போவீர்?" என்றார். மனுசன் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் பொய்யில்லை. ஹோம்புஷில் ஏறுவேன், லிட்கமில் இறங்குவேன், வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு நடப்பேன். இரண்டு ஸ்ரேஷன். பத்தொன்பது வருஷமாக என்னுடைய அவுஸ்திரேலியா அவ்வளவுதான்.

18 மார்ச், ஞாயிறு

நூலகத்தில் சுவிஸ் வரைபடம் ஒன்று எடுத்து வந்தேன். சூரிச் எங்கே, தம்பி இருக்கும் வின்ரத்தூர் எங்கே என்று பார்க்கத்தான் எடுத்தது. பார்த்தால் கீழே, மலைகளுக்கு நடுவில் மெல்லிய நீலக் கோடு ஒன்று தொடங்குகிறது. ரைன்!

உயர்தர வகுப்பில் புவியியல் எனக்கு உயிர். ரைன் நதியை மெல்லிய தாளில் எத்தனை தரம் வரைந்திருப்பேன். எங்கே பிறக்கிறது, எங்கே வளைகிறது, எந்தக் கடலில் விழுகிறது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அதுவரை ஒரு ஆற்றையும் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஏது ஆறு? மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றைச் சேர்த்தால்தான் உண்டு. சோதனையில் ஏ எடுத்தேன். ஆசிரியை ஆகலாம் என்றிருந்தேன். பிறகு 83 கலவரம் வந்தது, அதற்குப் பிறகு கலியாணம் வந்தது.

அது தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. தோமா என்று பெயர். ஒரு கணவாய் வரைக்கும் ரெயில் போகிறது. அங்கிருந்து நடக்க வேண்டும்.

போனால் என்ன?

2 ஏப்ரல்

போகப் போகிறேன். தனியாக. மூன்று நாள்.

14 ஏப்ரல், சனி

நூலகத்துக் கணினியில் நாலு தரம் அழித்து அழித்து, டிசென்டிஸ் என்ற ஊரில் ஒரு ஹொட்டேல் அறை பதிந்தேன். ஜூலை 17, 18 இரண்டு இரவு. ஒரு ஆள். "எத்தனை பேர்" என்ற கட்டத்தில் 1 என்று அடிக்கும்போது பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். களவு செய்கிறேனா என்ன?

22 ஏப்ரல்

இந்திரன் பட்டியல் அனுப்பியிருக்கிறான். நான் சாப்பிட வேண்டிய வீடுகளின் பட்டியல். பன்னிரண்டு நாளில் பதினேழு வீடு. சில நாள் மத்தியானம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு. 17ஆம் திகதிக்கு மூன்று வீடு போட்டிருக்கிறான்.

ஒன்றும் சொல்லவில்லை. கோழை.

5 மே, சனி

ராஜகுமாரி அன்ரி வந்தார். எங்கள் அடுக்குமாடிக்கு அடுத்த கட்டடம். ஹோம்புஷில் இருந்துகொண்டே லண்டனில் யார் வீட்டில் என்ன கறி என்று சொல்லக்கூடிய மனிசி. கையில் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் பார்சல், சூரிச்சில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்கு. என் பெட்டியில் இப்போதே ஆறு பார்சல் இருக்கின்றன. என்னுடைய உடுப்புக்கு இடமில்லை.

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் மேசையில் கிடந்த ஹொட்டேல் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டார்.

"இதென்ன திலகம், ஹொட்டேல்? தம்பி வீடு இருக்கேக்கை?"

"ஊர் பாக்கப் போறன் அன்ரி. ரெண்டு நாள்."

"ஓம் ஓம்" என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று எழும்பினார். அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கதை லண்டனுக்குப் போய்விடும்.

7 மே, திங்கள்

லண்டனிலிருந்து பெரியம்மாவின் மகள் அழைத்தாள். "அக்கா, கூடப்பிறந்ததுகளுக்கை என்ன கோவம்? நானொருக்கா இந்திரனோடை கதைக்கட்டோ?"

8 மே

ரொறன்ரோ. சித்தப்பா. "காணி விசயமோ பிள்ளை?" எங்களுக்குக் காணியே இல்லை என்று சொல்ல, "அப்ப அதுதான் பிரச்சினை" என்கிறார்!

9 மே, புதன்

இந்திரன்.

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான். "அக்கா, நான் என்ன குறை விட்டனான்? பதினாலு வருஷத்துக்குப் பிறகு வாறீங்கள். உங்களுக்கெண்டு அறைக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறன். சனம் என்னைக் கேக்குது, அக்கா ஏன் ஹொட்டேல்லை நிக்கிறா எண்டு. நான் என்ன சொல்ல?"

ஆறு பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டெலிபோனில் அது விசர்க் கதையாகக் கேட்கும். யோசிக்கிறேன் என்றேன். வைத்த பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். எங்கள் சனத்தில் ஒருத்தி அறை எடுத்துத் தங்கினால் ஒன்றில் சண்டை, இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய வெட்கக்கேடு. ஆசை என்று ஒரு காரணம் யாருக்கும் தோன்றாதா?

மகேந்திரராஜா சொல்கிறார், விட்டுவிடட்டாம். "ஒரு ஆத்துக்காகத் தம்பியை நோகடிக்காதையும்."

10 மே

ஜூன் கடைசிவரை ரத்துச் செய்யலாம் என்று கடிதத்தில் போட்டிருக்கிறது.

30 ஜூன், சனி

இன்று கடைசி நாள். மூன்று தரம் நூலகத்துக் கணினிக்கு முன் போய் இருந்தேன். நாலாவது தரம் நூலகம் பூட்டிவிட்டார்கள். நல்லது.

10 ஜூலை, வின்ரத்தூர்

தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. விமான நிலையத்தில் எதிரே வந்தவனை அப்பா என்றே நினைத்தேன். இரண்டு பேரும் பெட்டித் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெயின்ற் அடித்த அறை இளமஞ்சள். எனக்குப் பிடித்த நிறம், அவன் மறக்கவில்லை.

ஹொட்டேலைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த அறையில் படுத்துக்கொண்டு எப்படி ஐயா சொல்வது?

12 ஜூலை, வியாழன்

ரைன் நீர்வீழ்ச்சி காட்டினார்கள். வீட்டிலிருந்து அரை மணித்தியாலம்தான். இரண்டு வான் வண்டியில் பதினாலு பேர், ஒரு பானை புளிச்சோறு. தண்ணீரின் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. ஆனால் பார்க்க விட்டால்தானே? எல்லோரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். மண்டபச் சோடனைக்காரன் வருகிறான் என்று இருபது நிமிஷத்தில் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

"பாத்தாச்சுத்தானே அக்கா?" என்றான் இந்திரன். நம்பிக்கையோடு கேட்டான்.

15 ஜூலை, ஞாயிறு

நேற்று எல்லாம் நன்றாக முடிந்தது. பால் அறுகு வைத்துத் தண்ணி வார்த்தேன். வீடியோக்காரர் சரியாக விழவில்லை என்று மூன்று தரம் வார்க்கச் சொன்னார். ஆரணி என் காதுக்குள் "மாமி, காணும்" என்றாள். பாவம், குளிரில் பல் அடித்தது.

இன்று பின்னேரம் குசினியில் சொன்னேன். இனிமேல் ஒளிக்க முடியாது. இந்திரன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை, வீட்டிலும் கத்தி கையை விட்டு இறங்காது. அவன் மனைவி யோகா அடுப்பில்.

"நாளையிண்டைக்கு நான் டிசென்டிஸ் போறன்."

யோகா அடுப்பை நிறுத்தினாள். "நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள் மச்சாள்?"

"ஒரு குறையும் இல்லை. ரைன் தொடங்குற இடத்தைப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

"அதுக்கேன் ஹொட்டேல்?" இந்திரன் நிமிரவில்லை. "நான் ஒருநாள் லீவு போட்டுக் காரிலை கொண்டுபோய்க் காட்டுறன். பின்னேரம் திரும்பியிடலாம்."

அப்போதுதான் அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில், தம்பியின் குசினியில். எழுதவே வெட்கம். "எல்லாரும் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த்தானடா விட்டவை. அப்பா பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டார். மாமா பிளேனிலை ஏத்தி விட்டார். அத்தான் எயாப்போட்டிலை வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரு ரெயினை நானாத் தேடி, நானா விட்டிட்டு, அடுத்ததுக்கு நானா நிக்கவேணும் எனக்கு. ஒருக்காவாவது."

பிறகு அவன் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னான்: "அந்த ஆறு இஞ்சதான் தொடங்குதெண்டே எனக்குத் தெரியாது அக்கா."

இருபத்தொரு வருஷம் இந்த நாட்டில் இருக்கிறான்.

"விசாக் காட் கிடைக்கும்வரைக்கும் தூரம் போகப் பயம். கிடைச்ச பிறகு வேலை. பிறகு அப்பிடியே பழகிப்போச்சு. ஆராவது வந்தா நீர்வீழ்ச்சி காட்டுவம்."

போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டான்.

17 ஜூலை, செவ்வாய், டிசென்டிஸ்

காலையில் சப்பாத்துப் போடும்போது யோகா ஒரு மழைச் சட்டையைக் கொண்டுவந்து தந்தாள். ஊதா நிறம். கையில் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. "ஆறு வருஷத்துக்கு முந்தி மலிவிலை வாங்கினது மச்சாள். எங்கையாவது மலைக்குப் போவம் எண்டு நினைச்சு. போடுங்கோ, மேலை மழை பெய்யும்." குசினிக் கத்தரிக்கோலால் விலைச்சீட்டை அவளே வெட்டிவிட்டாள்.

இந்திரன் ஸ்ரேஷன் வரைக்கும் வந்தான். மேடைக்கு வரவில்லை. "நீங்களே பிடியுங்கோ" என்று வாசலில் நின்றுவிட்டான். எனக்கு அது பெரிய விஷயம்.

சூரிச்சில் மாறும்போது பிழையான மேடையில் நின்று ஒரு ரெயினை விட்டேன். உண்மையாகவே விட்டேன்! மேடை வாங்கில் உட்கார்ந்து சிரித்தேன். அடுத்தது வந்தது, ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை.

இதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கூர் என்ற ஊரில் மலை ரெயிலுக்கு மாற வேண்டும். மேடையில் சமையல்கார வெள்ளைச் சட்டையோடு ஒரு தமிழர். "திலகம் அக்காவோ? இந்திரன் அண்ணை சொன்னவர்." கையில் இடியப்பமும் சம்பலும். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மலை ரெயில் இலான்ஸ் ஸ்ரேஷனில் இரண்டு நிமிஷம் நிற்கிறது. ஜன்னலைத் தட்டுகிறார்கள். ஒரு பெண், கையில் தேத்தண்ணிப் போத்தல். "சீனி போட்டது அக்கா, பறவாயில்லையோ?"

இலான்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளத்தாக்கு வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர், நடுவில் பச்சை நிறத்தில் ரைன். நான் இடியப்பப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். கோபம் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம்.

டிசென்டிஸில் இறங்கினால் மூன்றாவது ஆள். கதிர்காமநாதன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இங்கே ஒரு ஹொட்டேலில் சமையல். "வாங்கோ அக்கா, வீட்டை போவம், மனிசி சமைச்சு வைச்சிருக்கு."

வீதியில் நின்று இந்திரனுக்கு டெலிபோன் அடித்தேன். "நான் ஊர் பாக்க வந்தனானோ, பார்சலோ? கைமாத்திக் கைமாத்தி அனுப்புறாய்?"

"கோவிக்காதேங்கோ அக்கா. பயத்திலை செய்தனான்" என்றான். டெலிபோனைப் பைக்குள் வைத்தேன்.

கதிர்காமநாதனிடம் நேராகவே சொன்னேன், நான் அறை எடுத்திருக்கிறேன், அங்கேதான் நிற்பேன், கோபமில்லை என்று. முகம் சுருங்கிப்போனது. பிறகு, எதற்கு வந்தனீங்கள் என்றார். ஏரி என்றேன்.

"மேலை ஒண்டு இருக்குத்தான். சனம் போகுது. அதுகளுக்குக் காலமை சாப்பாடு கட்டிக் குடுக்கிறது நான்தான். பதினெட்டு வருஷம்."

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

"எங்களுக்கெங்க நேரம்" என்றார், தம்பியைப் போலவே.

18 ஜூலை, புதன்

காலை ஏழு மணிக்கு ஹொட்டேல் வாசலில் கதிர்காமநாதன். கையில் கடதாசிப் பை. "சோறு கட்டவோ எண்டு யோசிச்சனான். பிறகு, நீங்கள் ரூறிஸ்ட் எல்லோ, அவைக்குக் கட்டுறதையே கட்டினன்" என்றார். பாண், சீஸ், ஒரு அப்பிள், ஒரு சொக்லேற். ஸ்ரேஷன் வரைக்கும் வரவில்லை, வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கினேன். முதல்தரம் ஒருவர் என்னைச் சுற்றுலாப் பயணி, ரூறிஸ்ட் என்று சொன்னார்.

கணவாயில் இறங்கியவர்களில் நான்தான் வேலைக்குப் போடும் சப்பாத்தோடு. மஞ்சள் பலகையில் ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருந்தது. எனக்கு மூன்றே கால். கல்லில் சிவப்பு வெள்ளைக் கோடு பூசியிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். ஒரு இடத்தில் சறுக்கி முழங்கால் உரிந்தது. மழையும் வந்தது. யோகாவின் சட்டை ஒரு துளி உள்ளே விடவில்லை. அங்கே ஒரு பாறையில் இருந்து, போதும், திரும்புவோம் என்று யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு நினைத்தேன், எனக்குத் தெரியும். எழும்பினேன்.

ஏரி சின்னது. ஹோம்புஷ் பள்ளிக்கூட மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு கரையில் இன்னும் உறைபனி கிடந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி ஒன்றுமில்லை. மறு கரையில் ஒரு வெட்டு, அதனூடாகத் தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே வருகிறது. அதுதான் ரைன். மெல்லிய தாளில் நான் தொடங்குகிற புள்ளி.

ஒரு எட்டு வைத்தேன். தாண்டிவிட்டேன். திரும்பவும் இந்தப் பக்கம் தாண்டினேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று எத்தனை தரமோ. ஒரு கிழவனும் கிழவியும் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், அப்பிளைக் கடித்தேன். சந்தோஷமாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது? அவ்வளவு சந்தோஷம்.

கணவாய்க்கு இறங்கி வந்து இந்திரனுக்கு அடித்தேன். பின்னால் சட்டி பானைச் சத்தம், வேலையில் நின்றான்.

"தாண்டியிட்டன்ரா."

"என்னத்தை அக்கா?"

"ரைனை."

"அதென்னெண்டு? எவ்வளவு அகலம்?"

"உன்ரை குசினி மேசை அளவுகூட இல்லை."

சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "கிட்டத்தான் போலை" என்றான். "நடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

19 ஜூலை

திரும்பும்போது கூரில் ஒருவரும் நிற்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மனம் என்ன மனமோ.

மழைச் சட்டையைத் தோய்த்துக் கொடுத்தேன். சேற்றுக் கறை ஒன்று போகவில்லை. "இருக்கட்டும் மச்சாள்" என்று அதைத் தடவிப் பார்த்தாள் யோகா.

23 செப்டெம்பர், ஞாயிறு, ஹோம்புஷ்

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஹோக்ஸ்பரி ஆறு. ஆற்றின் பெயரிலேயே ஸ்ரேஷன். பத்தொன்பது வருஷம் இது எனக்கே தெரியாது, இதில் தம்பியைக் குறை சொன்னேன். பாணும் சீஸும் கட்டினேன். மகேந்திரராஜா வாசலில் நின்று, "நானும் வரலாமோ?" என்றார்.

"கார் இல்லை. நேர அட்டவணை நான்தான் பாப்பன்."

"சரி" என்று சப்பாத்துத் தேடினார்.

10 ஓகஸ்ட் 2008, ஞாயிறு

காலையில் ராஜகுமாரி அன்ரி வந்தார். படி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கியது. கதிரையில் இருக்கக்கூட இல்லை.

"திலகம், உம்மட தம்பிக்கும் அந்த டிசென்டிஸ் கதிர்காமநாதனுக்கும் என்ன பிரச்சினை? லண்டனிலை ஒரே கதை."

"ஏன் அன்ரி?"

"போன கிழமை இந்திரன் மனிசி பிள்ளையோடை அங்கை போனவராம். கதிர்காமநாதன் வீடு அங்கை இருக்க, ரெண்டு நாள் ஹொட்டேல்லை நிண்டவராம்! யோகா ஏதோ ஊத்தை பிடிச்ச ஊதாச் சட்டையோடை திரிஞ்சவவாம். அதைவிடப் பெரிய கூத்து, அந்தக் கதிர்காமநாதனும் வேலைக்கு லீவு போட்டிட்டு இவையோடை மலையிலை ஏறினவராம். கோவமெண்டா ஏன் சேந்து போகவேணும், சேந்து போறதெண்டா ஏன் ஹொட்டேல்லை நிக்கவேணும்? எனக்கு விளங்கேல்லை."

நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டேன்.

"ஒரு கோவமும் இல்லை அன்ரி. ஊர் பாக்கப் போனவை."

"எந்த ஊரை? இருபத்திரண்டு வருஷம் இருக்கிற ஊரையோ?"

"ஓம் அன்ரி," என்றேன். "அதைத்தான்."